லயத்திலிருந்து உறுதி வரை: மாத்தளையில் வீட்டுக் காணி பெறும் வழி

2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கிய மலையக மக்களின் நடைபயணம் ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் நிறைவுற்றது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் தென்னிந்தியாவிலிருந்து வந்து இறங்கியவர்கள் காட்டு வழியே நடந்து மலையேறிய பாதை அது. நடந்து வந்தவர்கள் முன்வைத்த கோரிக்கைகளில் காணியும் வீடும் முன்வரிசையில் நின்றன. ஒரு வாரம் கழிந்தது. மாத்தளை எல்கடுவை, ரத்வத்தை தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் ஒரு தொழிலாளர் குடும்பத்தின் தற்காலிகக் குடியிருப்பைத் தோட்ட அதிகாரி ஒருவர் உடைத்துத் தள்ளும் காட்சி நாடெங்கும் பரவியது. அனுமதியில்லாமல் போட்ட குடியிருப்பு என்பதுதான் சொல்லப்பட்ட காரணம்.

நாலைந்து தலைமுறையாக ஒரே மலையில் உழைத்தாலும், காலடி மண் எழுத்தில் தம் பெயருக்கு வராதவரை யாரும் வந்து சுவரில் கை வைக்கலாம் என்பதை அந்தச் சம்பவம் காட்டியது. வீடமைப்புத் திட்டங்கள் வருகின்றன, அடிக்கல் நாட்டுகிறார்கள், சாவி கொடுக்கிறார்கள். ஆனால் சாவி வாங்கிய பலருடைய கையில் உறுதி இல்லை. அரச உதவியோடு வீட்டுக் காணி பெற விரும்பும் குடும்பம் எந்த வரிசையில் போக வேண்டும், ஒவ்வொரு கட்டத்திலும் எந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதை மாத்தளை மாவட்டத்தை வைத்து இங்கே சொல்கிறேன். தோட்டக் குடும்பங்களை மனதில் வைத்து எழுதினாலும், நகர்ப்புறத்தில் காணியில்லாமல் வாடகைக்கு இருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

1. காலடி மண் யாருடையது என்று கண்டுபிடியுங்கள்

எல்லோரும் தவறவிடும் முதல் படி இது. "தோட்டக் காணி" என்று பொதுவாகச் சொல்கிறோம். அந்தச் சொல்லுக்குள் குறைந்தது நான்கு வகைக் காணிகள் இருக்கின்றன. வகைக்கு ஏற்பக் கதவும் மாறும்.

1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் ஒருவர் 50 ஏக்கருக்கு மேல் வைத்திருக்க முடியாது என்றது. வயல் நிலமானால் 25 ஏக்கர். மிகுதிக் காணி காணிச் சீர்திருத்த ஆணைக்குழுவின் கைக்குப் போனது. 1975ஆம் ஆண்டின் திருத்தம் கம்பனித் தோட்டங்களையும் அரசுடைமை ஆக்கியது. அவற்றை மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் நடத்தின. 1992இல் பெரும்பாலான தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னர் அது நீண்டகாலக் குத்தகையானது. ஆகவே கம்பனித் தோட்டத்திலும் மண் அரசுடையது. கம்பனி குத்தகைக்காரர் மட்டுமே.

மாத்தளையில் இந்த வகைகள் எல்லாம் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. எல்கடுவை பெருந்தோட்ட நிறுவனம் போல அரசின் உரிமையில் உள்ள தோட்டங்கள் உண்டு. கம்பனிக் குத்தகையில் உள்ளவை உண்டு. காணிச் சீர்திருத்த ஆணைக்குழுவின் பேரில் துண்டு துண்டாக நிற்கும் பழைய இறப்பர், கொக்கோ, மிளகுக் காணிகள் உண்டு. நாலாவதாக, பிரதேச செயலாளரின் பொறுப்பில் உள்ள சாதாரண அரச காணி. ஒரே கணவாயில் இடப்பக்கம் ஒரு வகையும் வலப்பக்கம் இன்னொன்றுமாக இருப்பதும் நடக்கும்.

எனவே கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவிலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தக் காணி எந்த நிறுவனத்தின் பேரில் இருக்கிறது? குத்தகையில் இருந்தால் குத்தகைக்காரர் யார்? வரைபட இலக்கம் என்ன? மாவட்டத்தில் மாத்தளை, உக்குவளை, இரத்தோட்டை, யட்டவத்தை, அம்பன்கங்க கோரளை, நாவுல, பல்லேபொல, கலேவெல, தம்புள்ளை, லக்கலை-பல்லேகம, வில்கமுவ என 11 பிரதேச செயலகப் பிரிவுகள் இருக்கின்றன. உங்கள் தோட்டம் எந்தப் பிரிவில் வருகிறது என்பதையும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பெரிய தோட்டங்களின் டிவிசன்கள் இரண்டு பிரிவுகளில் விழுவதுண்டு.

வாய்ப்பதில் போதாது. பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கலாம். ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் தகவல் அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும். கோரிக்கை கிடைத்ததற்குப் பற்றுச்சீட்டு தந்து, 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று அவர் தீர்மானிக்க வேண்டும். காரணம் சொல்லித்தான் கேட்க வேண்டும் என்பதில்லை. தமிழில் எழுதலாம்; தமிழில் பதில் பெறுவதும் அரசியலமைப்பு தந்த உரிமை.

2. குடும்பக் கோப்பைத் தயார் செய்யுங்கள்

ஒரு கோப்பு வாங்கி அதில் இவற்றை அடுக்குங்கள்: கணவன், மனைவி இருவரின் தேசிய அடையாள அட்டைப் பிரதி, திருமணப் பதிவுச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வாக்காளர் இடாப்பில் பெயர் உள்ள பக்கத்தின் பிரதி, கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்று, வேறு காணியோ வீடோ இல்லை என்பதற்கான உறுதிப்படுத்தல், தோட்டத்தில் வேலை செய்பவரானால் செக்ரோல் விபரமும் ஊழியர் சேமலாப நிதி இலக்கமும், வெளி வேலையானால் வருமானச் சான்று.

தோட்டங்களில் பெரிய இடைஞ்சல் பெயர்தான். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு எழுத்து, செக்ரோலில் கிளாக்கர் அன்று காதில் விழுந்தபடி எழுதிய இன்னொன்று. தமிழ்ப் பெயரைச் சிங்களத்தில் எழுதி, அதை ஆங்கிலத்தில் மாற்றி, மறுபடி தமிழுக்குக் கொண்டுவரும்போது தந்தை பெயரே ஆள் மாறிப்போகும். "ரெண்டும் ஒரே ஆள்தாங்க ஐயா" என்று மேசைக்கு முன் நின்று சொன்னால் எடுபடாது. பெயர் வேறுபாட்டுக்குச் சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழிலேயே பிழை இருந்தால் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் திருத்தம் கேளுங்கள். பட்டியலில் பெயர் வந்தபின் இதைச் செய்யத் தொடங்கினால், நீங்கள் திருத்தி முடிப்பதற்குள் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

வயதானவர்களின் பிரசாவுரிமைப் பத்திரங்களையும் தூக்கி எறியாதீர்கள். 1948ஆம் ஆண்டின் சட்டம் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தது. 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. அதற்குப் பின்னும் குடியுரிமை இல்லாமல் எஞ்சியவர்களின் சிக்கல் 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடுதான் பெருமளவில் தீர்ந்தது. இந்த இடைவெளிதான் நம் மக்களை அரச காணிப் பங்கீட்டுக்கு வெளியே நிறுத்தியது. பக்கத்துக் கிராமத்தில் குடியேற்றத் திட்டத்தில் காணி பெற்றவரின் பேரப்பிள்ளை இன்று உறுதியோடு நிற்கிறார். தோட்டத்துப் பேரப்பிள்ளை இன்னும் விண்ணப்பப் படிவத்தோடு நிற்கிறார். குறை குடும்பத்தினுடையது அல்ல என்பதை விண்ணப்பிக்கும் ஒவ்வொருவரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். யாரும் இதைச் சலுகையாகக் கேட்கவில்லை.

3. சரியான கதவைத் தட்டுங்கள்

தோட்டக் காணியானால் வழி ஒன்று. அரச காணியானால் வழி வேறு.

தோட்டத்துக்குள் வீடமைப்பு பெரும்பாலும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தின் வழியாக நடக்கிறது. தோட்டத்தில் "ட்ரஸ்ட்" என்றால் எல்லோருக்கும் தெரியும். 1992இல் தோன்றிய அமைப்பு இது. அரசும் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் அதில் இடம்பெறுகின்றன. மேலே பெருந்தோட்ட மற்றும் சமூக உட்கட்டமைப்பு அமைச்சு. பெருந்தோட்டப் பகுதிகளுக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபை என்று 2018இல் சட்டத்தால் ஏற்படுத்தப்பட்ட நிறுவனமும் உண்டு. இந்த வழியில் விண்ணப்பம் தோட்ட நிர்வாகத்தையும் தோட்ட வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கத்தையும் தொட்டே நகரும். துரையிடம் கொடுக்கும் விண்ணப்பத்தின் இன்னொரு பிரதியைப் பதிவுத் தபாலில் ட்ரஸ்டின் பிராந்திய அலுவலகத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் அனுப்புங்கள். தபால் பற்றுச்சீட்டைக் கோப்பில் ஒட்டுங்கள். தலைவர் சொன்னார், மாத்தியா சொன்னார் என்பவை எந்த விசாரணையிலும் நிற்காது. திகதி போட்ட பற்றுச்சீட்டு நிற்கும்.

சாதாரண அரச காணிக்கு 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வழி சொல்கிறது. அதன் கீழ்க் காணித்துண்டுகள் ஒதுக்கப்பட்டதும் அறிவித்தல் ஒட்டப்படும்; பின்னர் "காணிக் கச்சேரி" கூடும். விண்ணப்பித்தவர்கள் நேரில் வர வேண்டும். அவர்களுடைய குடும்ப நிலை, வருமானம், காணியில்லாமை ஆகியவை எல்லோர் முன்னிலையிலும் கேட்கப்படும். அந்த விசாரணை மேசையில் நடப்பது இப்படித்தான் இருக்கும்:

"அம்மா, இப்ப எங்க இருக்கீங்க?"

"லயத்துலதாங்க ஐயா. மாமியார் குடும்பமும் நாங்களும் ஒரே காம்பிராவுல."

"வேற காணி ஏதும் உங்க பேர்ல, வீட்டுக்காரர் பேர்ல?"

"இல்லீங்க. அதுக்குக் கிராமசேவகர் குடுத்த கடிதம் இந்தா இருக்கு."

அந்தக் கடைசி வாக்கியத்தோடு கடிதமும் மேசைக்குப் போக வேண்டும். கடிதம் இல்லாத பதிலை அதிகாரி எழுதிக்கொள்வார். ஆனால் புள்ளி கொடுக்க அவருக்கு ஆதாரம் இருக்காது. ஒரு கூரையின் கீழ் இரண்டு, மூன்று குடும்பங்கள் இருந்தால் அதைத் தனியாக உறுதிப்படுத்திக் கொண்டுபோங்கள். லயத்தில் ஒரு காம்பிராவுக்கு ஒரு குடும்பம் என்று எண்ணிவிடுகிறார்கள். உள்ளே திருமணமாகிப் பிரிந்த பிள்ளைகளின் குடும்பங்கள் கணக்கில் வராமல் போகின்றன.

தெரிவுப் பட்டியல் ஒட்டப்பட்டால் அதைத் தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். உங்கள் பெயர் இல்லாவிட்டால் அறிவித்தலில் உள்ள காலத்துக்குள் மேன்முறையீடு எழுதுங்கள். ஏன் விடுபட்டது, எத்தனை புள்ளி கிடைத்தது என்று கேட்பதற்குத் தகவலறியும் உரிமைச் சட்டம் இங்கேயும் உதவும்.

4. மண் தாங்குமா என்று பாருங்கள்

இலங்கையில் மண்சரிவு அபாயம் உள்ள மாவட்டங்களில் மாத்தளையும் ஒன்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது கம்மடுவைப் பக்கம் ஒரே நாளில் 500 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டியது. நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேற்குச் சரிவில் இரத்தோட்டையும் அம்பன்கங்க கோரளையும் பட்ட பாட்டை இனி எந்தக் காணிப் பங்கீடும் மறக்கக்கூடாது.

தோட்டங்களில் வீடமைப்புக்கு விடப்படும் காணி பெரும்பாலும் தேயிலைக்கும் இறப்பருக்கும் உதவாத மூலையாக இருக்கும்: செங்குத்துச் சரிவு, ஓடைக்கரை, பழைய சரிவின் அடிவாரம். "குடுக்கறதே பெருசு" என்று வாங்கிவிடாதீர்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் இடப்பொருத்த அறிக்கை இல்லாமல் எந்தத் துண்டையும் ஏற்கக்கூடாது. மண்சரிவு மாவட்டங்களில் கட்டட அனுமதிக்கே அந்த அறிக்கை தேவை. அறிக்கையில் நிபந்தனைகள் இருக்கும்: மண்ணை எத்தனை அடிக்கு மேல் வெட்டக்கூடாது, தண்ணீர் வடியக் கான் எங்கே வெட்ட வேண்டும், தாங்குசுவர் எங்கே வேண்டும் என்று. அறிக்கையின் முழுப் பிரதியைக் கேளுங்கள். "பொருத்தம்" என்ற ஒரு சொல்லைக் கேட்டுவிட்டு வராதீர்கள்.

அறிக்கைக்கு முன் நீங்களே மழை விட்ட மறுநாள் போய்ப் பாருங்கள். மேட்டில் நிலவெடிப்பு இருக்கிறதா? மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கின்றனவா? அடிவாரத்தில் திடீரென்று ஊற்று கிளம்பியிருக்கிறதா? ஊற்று நீர் கலங்கலாக வருகிறதா? இவற்றில் ஒன்றிருந்தாலும் எழுத்தில் முறையிட்டு வேறு துண்டு கேளுங்கள்.

5. அளவையின்போது காணியில் நில்லுங்கள்

தோட்டக் குடும்பம் ஒன்றுக்கு 7 பேர்ச்சஸ் காணி என்ற கொள்கை 2015க்குப் பின் நடைமுறைக்கு வந்தது. பின்னர் அது 10 பேர்ச்சஸாக உயர்த்தப்பட்டது. ஒரு ஏக்கரில் 160 பேர்ச்சஸ். 7 பேர்ச்சஸ் என்றால் சுமார் 1,900 சதுர அடி. 10 பேர்ச்சஸ் 2,700 சதுர அடிக்குச் சற்று மேல். இந்திய வீடமைப்புத் திட்டத்தின் வீடு 550 சதுர அடி. 7 பேர்ச்சஸில் வீடு போக மீதி இடத்தில் மலசலகூடக் குழி, கான், நடைபாதை எல்லாம் அடங்க வேண்டும். நாலு மிளகுக்கொடியும் ஒரு மரக்கறிப் பாத்தியும் வைக்க 10 பேர்ச்சஸ் இருந்தால்தான் மூச்சுவிட இடம் கிடைக்கும். எனவே உங்கள் கடிதத்தில் எத்தனை பேர்ச்சஸ் என்று எண்ணில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

நில அளவையாளர் வரும் நாளில் வேலைக்குப் போகாமல் கணவன், மனைவி இருவரும் நிற்பது நல்லது. எல்லைக்கல் நாட்டும் இடத்தைக் கண்ணால் பாருங்கள். பலாமரத்திலிருந்து கான் வரை என்று வாயால் சொன்ன எல்லை எதற்கும் உதவாது. அடுத்த மழையில் கான் திசை மாறும், மரம் வெட்டுப்படும். வரைபடத்தில் உங்கள் துண்டின் இலக்கம், நாலு எல்லை, பரப்பு, பாதை ஆகிய நான்கும் இருக்க வேண்டும். பாதையை அழுத்திச் சொல்கிறேன். மூன்று பக்கம் தேயிலையும் ஒரு பக்கம் இன்னொருவர் துண்டுமாகப் பாதையில்லாத காணி கிடைத்தால், சீமெந்து மூட்டை தலைச்சுமையாகத்தான் ஏறும்; நோயாளியைத் தூக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டிவரும். வரைபடத்தில் பாதை கோடாக வராவிட்டால் பிரதேச சபையும் அதைப் பாதையாக ஏற்காது.

6. விடுவிப்புக் கடிதத்தைத் துரத்துங்கள்

கோப்புகள் தூங்கும் இடம் இதுதான். கம்பனியின் குத்தகையில் உள்ள தோட்டக் காணியை வீடமைப்புக்கு விடக் கம்பனியின் சம்மதம் வேண்டும். காணி அரசுடையதாகையால் அதன் உரித்துள்ள நிறுவனத்தின் சம்மதமும் வேண்டும். அமைச்சின் அங்கீகாரமும் வேண்டும். கம்பனியில் அரசு வைத்திருக்கும் பொற்பங்குக்குப் பொறுப்பான திறைசேரியின் இணக்கமும் கேட்கப்படும். காணிச் சீர்திருத்த ஆணைக்குழுவின் காணியானால் ஆணைக்குழுவின் தீர்மானம் வேண்டும்.

இத்தனை கையொப்பங்களும் முடியுமுன்பே அடிக்கல் நாட்டி வீடு கட்டிவிடுவது வழக்கமாகிவிட்டது. சாவி வாங்கியும் உறுதியில்லாமல் ஆண்டுக்கணக்கில் மக்கள் காத்திருப்பது இதனால்தான். வீட்டைக் கட்டுவதை நிறுத்தச் சொல்லவில்லை. நனையும் கூரைக்குக் கீழ் இருப்பவரிடம் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் சாவி வாங்கும் மேடையிலேயே காணி விடுவிப்புக் கடிதத்தின் இலக்கத்தைக் கேட்கும் பழக்கம் வர வேண்டும். தனியாகக் கேட்டால் தட்டிக்கழிப்பார்கள். அந்தத் திட்டத்தின் எல்லாக் குடும்பங்களும் ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டு, அமைச்சுக்கும் மாவட்ட செயலாளருக்கும் அனுப்பினால் அதற்கு ஒரு கோப்பு இலக்கம் விழும். பின்னர் அந்த இலக்கத்தை வைத்து எவரும் தொடர்ந்து கேட்கலாம்.

7. பணத்தைக் கணக்கிடுங்கள்

உதவி மூன்று உருவில் வருகிறது: காணி விலையில்லாமலோ பெயரளவு விலைக்கோ கிடைப்பது, வீட்டுக்கு மானியம் கிடைப்பது, காணியை வெளியில் வாங்கப் பணம் கிடைப்பது.

முதலாவதற்கு மேலே சொன்ன தோட்டக் காணியும் அரச காணியும் எடுத்துக்காட்டு. 1947ஆம் ஆண்டின் அரச காணிகள் கட்டளைச் சட்டமும் சில நோக்கங்களுக்குப் பெயரளவு விலையில் காணி அளிக்க ஜனாதிபதிக்கு அதிகாரம் தருகிறது.

இரண்டாவதற்கு இந்திய வீடமைப்புத் திட்டம் பெரிய எடுத்துக்காட்டு. வடக்கு, கிழக்கில் தொடங்கிய அந்தத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில் மலையகத்துக்கு 4,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. 2017 மே 12ஆம் திகதி நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். அந்த நாலாம் கட்டத்தில் ஒரு வீட்டுக்கான மானியம், விலைவாசி ஏறியபின், 28 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது.

சொந்தப் பணம் சேர்க்க வேண்டியவர்கள் ஊழியர் சேமலாப நிதியை மறக்கக்கூடாது. கணக்கில் உள்ள தொகையில் 75 சதவீதம் வரை வங்கியின் வீட்டுக் கடனுக்குப் பிணையாக வைக்கலாம். பத்தாண்டுகளுக்கு மேல் பங்களிப்புச் செய்து கணக்கில் 3 இலட்சம் ரூபாவாவது இருந்தால், காணி வாங்க அல்லது வீடு கட்ட 30 சதவீதத்தை ஓய்வுக்கு முன்பே எடுக்கவும் இடமுண்டு. எடுக்கும் பணம் முதுமைக்கு வைத்தது. ஆகவே காணியின் காகிதம் உறுதியாகாமல் அதைத் தொடாதீர்கள். முதலில் நிர்வாகம் உங்கள் பங்களிப்பை ஒழுங்காகச் செலுத்தியிருக்கிறதா என்று மீதிக் கூற்றை எடுத்துப் பாருங்கள்.

காணியை வெளியில் வாங்கப் பணம் கிடைக்கும் மூன்றாவது உருவம், மண்சரிவில் வீடிழந்தவர்களுக்கானது. 2016, 2017 அனர்த்தங்களுக்குப் பின் வந்த மீள்குடியேற்றத் திட்டத்தில், அரச காணி கிடைக்காத குடும்பத்துக்குக் காணி வாங்க 4 இலட்சமும் வீடு கட்ட 12 இலட்சமும் கொடுத்தார்கள். டித்வாவுக்குப் பின் 2025 டிசம்பரில் அரசு அறிவித்த திட்டத்தில், முழுமையாக வீடிழந்தவர் வீடு கட்ட 50 இலட்சம் ரூபா வரை பெறலாம். கொடுக்க அரச காணி இல்லாதபோது காணி வாங்க மேலும் 50 இலட்சம் வரை. லயத்தில் இருந்தவர்களும் தம் சேத விபரம் கிராம உத்தியோகத்தரின் பட்டியலில் தனித்தனிக் குடும்பமாகப் பதிவாகியிருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

இப்படி வெளியில் காணி வாங்குவோர் ஏமாறும் ஆபத்து அதிகம். உதவிப்பணம் வருகிறது என்றதும் விலை ஏறும். உரித்தில்லாத காணியையும் விற்க ஆள் வருவார்கள். முற்பணம் கொடுக்குமுன் நம்பகமான நொத்தாரிசு ஒருவரைக் கொண்டு மாத்தளைக் காணிப் பதிவகத்தில் முப்பது ஆண்டு உரித்தைத் தேடச் சொல்லுங்கள். காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரமாகவோ அளிப்பாகவோ கிடைத்த காணியைப் பிரதேச செயலாளரின் சம்மதமில்லாமல் விற்க முடியாது. அப்படி எழுதிய உறுதி செல்லாது. "பெமிட் காணிதான், பரவாயில்ல, எழுதித் தாறேன்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். முத்திரைத் தீர்வை, நொத்தாரிசின் கட்டணம், நில அளவைச் செலவு ஆகியவற்றையும் காணி விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

8. கட்டும்போது தவணையும் தரமும்

பிரதேச சபையின் கட்டட அனுமதி வேண்டும். முன்னர் தோட்டக் குடியிருப்புகளுக்குப் பணம் செலவிடப் பிரதேச சபைகளுக்குச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. ஆகவே பாதைக்கும் குடிநீருக்கும் தெருவிளக்குக்கும் சபையிடம் இப்போது உரிமையோடு கேட்கலாம்.

பயனாளியே முன்னின்று கட்டும் திட்டங்களில் பணம் தவணையாக வரும்: அத்திவாரம் முடிந்ததும் ஒன்று, சுவர் எழும்பியதும் ஒன்று, கூரை போட்டதும் ஒன்று, பூச்சு முடிந்ததும் கடைசி. ஒவ்வொரு கட்டத்திலும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும். முதல் தவணையில் ஆசைப்பட்டு அளவைப் பெருப்பித்தவர்கள் கூரைக்கு வரும்போது கடனாளி ஆவதைப் பல தோட்டங்களில் பார்க்கலாம். 550 சதுர அடியை முடித்துக் குடிபுகுங்கள். பின்னர் நீட்டுவதற்குச் சுவரில் இடம் விட்டுக் கட்டச் சொல்லி மேசனிடம் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

9. உறுதியைப் படித்து வாங்குங்கள்

கையில் வருவது எது என்று தெரிந்துகொள்ளுங்கள். தோட்ட நிர்வாகமோ திட்டமோ கொடுக்கும் பயனாளிக் கடிதம் உறுதி ஆகாது. பிரதேச செயலாளர் தரும் அனுமதிப்பத்திரம் குடியிருக்கவும் அபிவிருத்தி செய்யவும் உரிமை தரும். ஜனாதிபதியின் கையொப்பத்தோடு வரும் அளிப்புப் பத்திரம் அதைவிடப் பலமானது. ஆனாலும் விற்பதற்கும் ஈடு வைப்பதற்கும் நிபந்தனை உண்டு. முற்றுரிமை உறுதிதான் முழுச் சொந்தம். அளிப்புக் காணிகளை முற்றுரிமையாக்கும் "உறுமய" திட்டம் 2024 பெப்ரவரி 5ஆம் திகதி இதே மாவட்டத்தில், தம்புள்ளை ரங்கிரி விளையாட்டரங்கில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. அங்கே உறுதி பெற்றவர்களின் குடும்பங்கள் பல பத்தாண்டுகளாக அளிப்புப் பத்திரம் வைத்திருந்தவை. தோட்டத்து மக்கள் அந்த வரிசைக்கு வர, முதல் படியிலிருந்து கையில் காகிதம் சேர வேண்டும்.

உறுதியில் நாலு விடயங்களை வாசித்துப் பாருங்கள். பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி இருக்கிறதா? துண்டு இலக்கமும் பரப்பும் வரைபடத்தோடு ஒத்துப்போகிறதா? நிபந்தனைகள் என்ன? மனைவியின் பெயர் இருக்கிறதா? மலையில் கொழுந்து எடுப்பதும் பால் வெட்டுவதும் பெரும்பாலும் பெண்கள். அந்த உழைப்பில் வரும் காணியில் அவர்களுடைய பெயர் இல்லாமலிருப்பது அநியாயம். கூட்டுப் பெயரில் தரச் சொல்லிக் கேளுங்கள். காணி அபிவிருத்திச் சட்டத்தில் பின்னுரித்தாளரை நியமிக்காமல் உரிமையாளர் இறந்தால் ஆண்பிள்ளைக்கே முன்னுரிமை என்றிருந்த பழைய ஒழுங்கு 2022ஆம் ஆண்டின் திருத்தத்தோடு மாறியது. அப்படியிருந்தும் பின்னுரித்தாளரின் பெயரைப் பதிந்து வைப்பதே பிற்காலத்தில் பிள்ளைகளிடையே சண்டை வராமல் காக்கும்.

கடைசி வேலை, பத்திரத்தைக் காணிப் பதிவகத்தில் பதிவு செய்வது. பதிவாகாத பத்திரம் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தாலும் பிறகு வேறொருவர் பதிந்துவிட்டால் வழக்குக்கு அலைய நேரும். பதிவு இலக்கத்தை எழுதி வையுங்கள். அசலை நனையாத இடத்தில் வைத்துவிட்டு, ஒரு பிரதியை நம்பிக்கையான உறவினரிடம் கொடுங்கள். வெள்ளத்தில் பெட்டியோடு காகிதம் போனவர்கள் இந்த மாவட்டத்தில் உண்டு.

அரசிடம் நான் கேட்பது ஒன்றுதான். மாத்தளை மாவட்ட செயலகம், பிரிவு வாரியாக, வீடமைப்புக்கு விடுவிக்கப்பட்ட காணியின் அளவு, தெரிவான குடும்பங்களின் எண்ணிக்கை, அவற்றில் உறுதி பெற்றவர்களின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் தமிழிலும் சிங்களத்திலும் ஆண்டுதோறும் ஒட்டி வைக்க வேண்டும். கட்டிய வீடுகளின் எண்ணிக்கையை மட்டும் சொல்லும்வரை, உறுதியில்லாத வீடுகள் யார் கண்ணிலும் படாது. அந்த மூன்றாவது எண்ணிக்கையை அவர்கள் ஒட்டும்வரை, ஒவ்வொரு தோட்டத்திலும் மக்கள் அதைத் தாமே எண்ணிக் கடிதம் எழுத வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர்கள் இன்று எல்லா டிவிசனிலும் இருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை லயம் லயமாகப் போய், யாரிடம் எந்தக் காகிதம் இருக்கிறது, எது இல்லை என்று பட்டியல் போடுவதிலிருந்து அவர்கள் தொடங்கட்டும்.